அவுரி நீலமும் அரபிக் கோந்தும்: நம் கரைத் துணி கடல் கடந்த கதை

பிரெஞ்சு மொழியில் பருத்தித் துணிக்கு வழங்கும் பெயர்களில் மூன்று நமக்கு நெருக்கமானவை. முதலாவது 'அந்தியேன்'. இந்தியாவிலிருந்து வந்தது என்று அர்த்தம். பூவும் கொடியும் சாயத்தால் எழுதிய துணி அது. இரண்டாவது 'மத்ராஸ்'. கட்டம் போட்ட துணி. மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் விழா நாட்களில் இன்றும் தலையில் கட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது 'கினே'. ஆப்பிரிக்கக் கரையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டாலும், நெய்ததும் நீலம் தோய்த்ததும் நம் சோழமண்டலக் கரையில்தான்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு இந்தச் சொற்கள் முதலில் அகராதியில்தான் அறிமுகமாயின. எங்கள் வகுப்புச் சரித்திரம் கோல் நாட்டு மக்களில் தொடங்கி நெப்போலியன் வழியாகப் போகும். நம் ஊர்ப் பக்கத்துத் தறிக்காரரோ சாயக்காரரோ அதில் தலை காட்டமாட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தப் பழைய பிரெஞ்சுப் படிப்பை வைத்துக்கொண்டு துணியின் சரித்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் ஒரு பேச்சு கேட்கிறது. நம் பாரம்பரியக் கைத்தொழில்களை வளர்க்க வெளிநாடுகளோடு கூட்டுறவு வேண்டும், பரிமாற்றம் வேண்டும் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இது நம் கரைக்குப் புதிய விஷயம் இல்லை. ஏறக்குறைய 300 வருஷ அனுபவம் நமக்கு இருக்கிறது. அந்த அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், பரிமாற்றத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்பது தெரியும். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல். புதுச்சேரி கவர்னர் துய்மா காலத்தில், தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து பெற்றார்கள். அப்போது நமக்கு வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். அரை நாள் நடைக்குள் அடங்கும் கடற்கரையில் மூன்று தேசத்துக் கொடிகள்! இத்தனை பேரும் இங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் பெரிய இரகசியமில்லை. காவிரிப் படுகையின் நெல் ஒன்று. இந்தப் பக்கத்துத் துணி மற்றொன்று.

துணி வாங்கும் முறை இப்படி. கும்பினியார் வியாபாரிகளோடு ஒப்பந்தம் போடுவார்கள். வியாபாரி முன்பணம் வாங்கித் தறிக்காரரிடம் கொடுப்பார். துணி வந்ததும் மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். நெருக்கம் குறைந்தாலும் நீளம் குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இந்த வியாபாரப் பேச்சு பழகியதாக இருக்கும். தள்ளப்பட்ட துணியின் நஷ்டம் கடைசியில் தறியில் உட்கார்ந்தவர் தலையில்தான் விழும். இருந்தாலும் முன்பணம் என்ற ஒன்று இருந்தது. நூல் வாங்கக் கையில் காசு இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பியர்களை அசர வைத்தது நம் சாயம். அவர்கள் ஊரில் பருத்தித் துணியில் வண்ணம் போட்டால் ஒரு வெளுப்பில் போய்விடும். நம் துணியோ துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று இருந்தது. அதற்குள்ள வேலை கொஞ்சமா? துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப் பாலும் சேர்ந்த நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். கறுப்புக்கோடு வர இரும்பை ஊறவைத்த நீர். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறும். இந்தச் சாயவேர் வேறொன்றுமில்லை, சித்த வைத்தியத்தில் இம்பூறல் என்று சொல்லும் செடியின் வேர்தான். கடற்கரை மணலில் நன்றாக வளரும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

இந்தத் துணி பிரான்சில் அடித்த அடியில் அந்த ஊர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூச்சல் போட்டார்கள். 1686-இல் அரசாங்கம் தடை போட்டது. விற்கக்கூடாது, அச்சடிக்கக்கூடாது, பிற்பாடு உடுத்தவும் கூடாது என்றார்கள். தடை 1759 வரை நீடித்தது. 73 வருஷம்! சீமாட்டிகள் தடையை மதிக்கவில்லை, கள்ளச்சரக்கு நடமாடியது என்பது வேறு கதை.

தடை ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் நம் வேலை இரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சியும் நடந்தது. பாரிசில் அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த துஃபே என்ற ரசாயன அறிஞர், பொலியே என்ற கப்பல் அதிகாரியிடம் இந்த வேலையைப் பார்த்து வரச் சொன்னார். 1734 வாக்கில் பொலியே புதுச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே குறிப்பும் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி, துணித் துண்டுகளோடு, இன்றும் பாரிசில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து நூலகத்தில் இருக்கிறது.

அவருக்குப் பின்னால் கேர்து சாமியார். ஏசு சபைக் குருவானவர். புதுச்சேரியிலேயே வாழ்ந்து 1779-இல் இறந்தவர். சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருப்பதை எடுத்துச் சொன்னவர்களில் முன்னோடி. 1742-இல் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் துணி எழுதும் முறை முழுவதும் இருக்கிறது. கிறிஸ்தவர்களாக மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கடிதம் பிரான்சில் அச்சாகிப் பலர் கைக்குப் போனது.

தடை நீங்கிய மறு வருஷம், 1760-இல், ஓபர்காம்ப் என்ற ஜெர்மன்காரர் வெர்சாய்க்குப் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் துணி அச்சடிக்கும் பட்டறை தொடங்கினார். முதலில் மரக்கட்டை அச்சு, பிறகு செப்புத் தகடு, பிறகு உருளை இயந்திரம். 'துவால் த ழூயி' என்று உலகம் முழுக்கப் பெயர். நெப்போலியன் 1806-இல் அவருக்கு லெழியோன் தோன்னர் விருது கொடுத்தார். அந்த ஊரில் இன்று அதற்கென்று ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

ஓபர்காம்ப் பெரிய உழைப்பாளி, சந்தேகமில்லை. அவர் சொந்தமாகச் சேர்த்ததும் நிறைய. ஆனால் படிகாரத்தால் சாயம் பிடிக்க வைக்கும் அடிப்படை வித்தை நம் கரையிலிருந்து போனது. பொலியே பெயர் நிற்கிறது. கேர்து பெயர் நிற்கிறது. ஓபர்காம்ப் பெயர் தெருவுக்கும் பாரிஸ் மெத்ரோ நிலையத்துக்கும் வைத்திருக்கிறார்கள். செய்து காட்டியவர்களின் பெயர் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், நம் சாயக்காரர்கள் 1734-இல் என்ன செய்தார்கள் என்பது இன்று நமக்கே இவ்வளவு விவரமாகத் தெரியாது. தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய் வழியாகப் போனது. எழுதி வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. எடுத்துக்கொண்டு போனவர்களே காப்பாற்றியும் வைத்தார்கள். இரண்டும் உண்மை.

இப்போது கினே துணிக்கு வருகிறேன். எழுத்து வேலைத் துணிக்கு மவுசு குறைந்த பிறகும் பிரெஞ்சிந்தியாவைத் தாங்கிப் பிடித்தது இதுதான். சாதாரணப் பருத்தித் துணி, ஒரு துண்டு சுமார் 15, 16 மீட்டர். அவுரியில் திரும்பத் திரும்பத் தோய்த்து, கருநீலம் ஆனதும், மரக்கொட்டாப்புளியால் அடித்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். பிரான்ஸ் வழியாகக் கப்பலில் செனகல் நாட்டுச் சேன் லூயி துறைமுகத்துக்குப் போகும். செனகல் ஆற்றின் வடகரையில் பாலைவனத்து மூர் வியாபாரிகள் அதை வாங்கிக்கொண்டு கருவேல இனத்து மரக் கோந்தைக் கொடுப்பார்கள். அந்த ஆற்றங்கரையில் கினேத் துண்டுதான் பணம். இத்தனை துண்டுக்கு இவ்வளவு கோந்து என்றுதான் கணக்கு.

ருவானிலும் இங்கிலாந்திலும் இதைப் போலச் செய்து அனுப்பிப் பார்த்தார்கள். வெகுகாலம் எடுபடவில்லை. மூர்கள் துணியை முகர்ந்து பார்ப்பார்களாம், விரலால் தேய்த்துப் பார்ப்பார்களாம். நீலம் உடம்பில் ஒட்ட வேண்டும். அவுரி வாசம் வர வேண்டும். படிப்பறிவு இல்லாதவர்கள் என்று ஐரோப்பியர் நினைத்த பாலைவன மக்கள்தான் நம் துணிக்குச் சரியான பரீட்சை வைத்தார்கள்!

சரி, அந்தக் கோந்து எதற்கு? மருந்து, மை, மிட்டாய் என்று பல உபயோகம். அதில் பெரிய உபயோகம், துணி அச்சடிக்கும் சாயம் ஒழுகாமல் கெட்டியாக்குவது. அதாவது, நம் ஊரில் நெய்து தோய்த்த நீலத்துணியைக் கொடுத்து ஆப்பிரிக்காவில் கோந்து வாங்கி, அந்தக் கோந்தை வைத்து ஐரோப்பாவில் நம் துணியின் நகலை அச்சடித்தார்கள். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கினேத் துணியின் முடிவும் பாடம் தருவது. 1820-களின் இறுதியிலேயே புதுச்சேரியில் இயந்திர ஆலை வந்துவிட்டது. 1870-களில் பெல்ஜியம், இங்கிலாந்து ஆலைகளின் மலிவான நீலத்துணி செனகலை நிரப்பியது. 1877-இல் பிரெஞ்சு அரசாங்கம் செனகலில் வேற்று நாட்டுக் கினேவுக்கு வரி போட்டுப் பிரெஞ்சிந்தியத் துணிக்குச் சலுகை கொடுத்தது. சலுகையின் பலன் பெரும்பாலும் கைத்தறிக்குப் போகவில்லை, ஆலைக்குப் போனது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நம்மவர் ரோடியர் மில் என்று சொல்லும் ஆலையும் வந்தது. 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரிக்கும் ஆயுசு முடிந்தது. சாயவேருக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1869-இலேயே அந்தச் சிவப்பை ரசாயனத்தில் செய்யக் கண்டுபிடித்துவிட்டார்கள். கைத்தறியை ஓரம் கட்டிய ஆலைகள் மட்டும் நிலைத்தனவா? 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் மாண்ட சரித்திரம் உடைய புதுச்சேரி ஆலைகளில், அந்த ரோடியர் மில்லும் 2020-இல் இழுத்து மூடப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு பரிமாற்றம் வேறு வேஷம் போட்டது. 1964-இல் நியூயார்க்கில் கைவினைஞர்களின் உலக மாநாடு கூடி உலகக் கைவினைக் கவுன்சில் பிறந்தது. அதில் நம் கமலாதேவி சட்டோபாத்யாய் முக்கியப் பங்கு வகித்தார். அதே ஆண்டில் இந்தியக் கைவினைக் கவுன்சிலும் தொடங்கியது. அதன் தலைமையிடம் சென்னை. அந்த உலகக் கவுன்சில் 2015-இல் மாமல்லபுரத்தைக் கல்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரம் என்று அறிவித்தது.

1985 ஜூனில் பாரிசில் இந்தியத் திருவிழா. த்ரோகாதெரோவில் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி மித்தெரானும் தொடங்கி வைத்தார்கள். ஆட்டக்காரர், பாட்டுக்காரர், கைவினைஞர் என்று கிராமத்து ஆட்கள் பாரிஸ் வீதிக்குப் போனார்கள். மகாராஜாவும் பாம்பாட்டியும்தான் இந்தியா என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு நல்ல மாற்று. ஆனால் திருவிழா முடிந்து பெட்டியோடு ஊர் திரும்பிய மனிதர், அடுத்த மாதம் செய்வதை யாரிடம் விற்பது?

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். கண்காட்சிக் கோப்பில் பந்தல் செலவு, பேனர் செலவு, பொன்னாடை, நினைவுப் பரிசு, சிற்றுண்டி எல்லாம் வரிசையாக இருக்கும். வந்த கைவினைஞர் எவ்வளவு விற்றார், பிறகு ஆர்டர் வந்ததா என்ற பத்தி மட்டும் நான் பார்த்த கோப்புகளில் இருந்ததில்லை.

வேறு விதமான பரிமாற்றமும் நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1971-இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் இந்தத் தொழிலைப் பயின்றவர். அதிக உஷ்ணத்தில் சுட்டு மெருகேற்றும் முறையைச் சுற்று வட்டாரத்து ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை கற்றவர்கள் சிலர் வெளியே போய்ச் சொந்தச் சூளை போட்டார்கள். இன்று புதுச்சேரி பாட்டரி என்றால் இந்தியா முழுக்கத் தெரிகிறது. இங்கே வித்தை வெளியிலிருந்து வந்து உள்ளூர்க் கையில் தங்கியது. பொலியே காலத்துக்கு நேர் எதிர்த் திசை. நம் பழைய சுடுமண் வேலையும் ஒதுங்கிப் போகவில்லை. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரிச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பொலியே காலத்துச் சாயக்காரருக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது: பெயர்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் நம் நாட்டில் 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவதில் பிரெஞ்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஷாம்பாஞ் என்ற பெயரை வேறொருவன் புட்டியில் ஒட்டினால் விடமாட்டார்கள். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு 1925-லேயே தனிச் சட்டம். கைத்தொழில் பொருள்களுக்கு 2014-இல்தான் வழி செய்தார்கள். லிமோழ் பீங்கானுக்கு 2017-இல் கிடைத்தது. ஆக, இந்த விஷயத்தில் நாம் அவர்களுக்கு முந்திக்கொண்டோம். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது, குறியீடு வாங்கிய பிறகு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அதைக் காவல் காப்பது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் போதாது.

இந்த 300 வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் எனக்குத் தெரிவது மூன்று.

ஒன்று, செய்தவர் பெயர். சாமானோடு அவர் பெயரும் ஊரும் போக வேண்டும். பெயர் போன இடத்துக்குத்தான் அடுத்த ஆர்டர் திரும்பி வரும்.

இரண்டு, முன்பணம். கும்பினி கொடுத்தது தன் லாபத்துக்குத்தான். ஆனாலும் இன்று ஒரு தறிக்காரருக்கோ குயவருக்கோ பாராட்டுப் பத்திரத்தைவிட, கடன் வலையில் சிக்க வைக்காத முன்பணமும் உறுதியான ஆர்டரும் உதவும்.

மூன்று, ஒரே வாங்குபவரை நம்பி இருக்கக்கூடாது. கினே ஒரே ஆற்றங்கரையை நம்பி இருந்தது. அந்தச் சந்தை கை மாறியதும் எல்லாம் போயிற்று.

நம் ஊருக்கு ஒரு யோசனையும் உண்டு. பொலியே வெட்டி எடுத்த அந்தத் துணித் துண்டுகளின் நல்ல படங்களைப் பாரிசிலிருந்து கேட்டு வாங்கி, தமிழ் விளக்கத்தோடு காரைக்காலில் மக்கள் பார்க்க வைக்க வேண்டும். பிரெஞ்சுப் படிப்பும் பிரான்சில் உறவும் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! கடிதம் எழுத ஆளா இல்லை? அந்தக் குறிப்புகளைத் தமிழில் பெயர்த்தால், இன்று கலங்காரி எழுதுகிறவர்களுக்கு நேராகப் பயன்படும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் அந்த வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. திண்டிவனம் பக்கத்தில் அவுரி இன்னும் விளைகிறது. ஆரோவில்லில் பழைய முறைப்படி தகரை விதை சேர்த்த தொட்டியில் நீலம் தோய்க்கிறார்கள். சரக்கு எல்லாம் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. குறிப்பு மட்டும்தான் பாரிசில்.

மாங்கனித் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் பிரான்சிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளிடமும் ஒன்று சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது பெட்டியில் ஒரு கைவேலைப் பொருள் வைத்தால், அதைச் செய்தவர் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். 1734-இல் யாரும் செய்யாத வேலை அது. நமக்கு அதிகச் செலவும் இல்லை.